காணாமல் போன ஊரைக் கண்டுபிடிப்பது எப்படி: கான்சஸ் புல்வெளியின் பழைய தபாலாபீஸ்களைத் தேடிப் போகிறவர்களுக்கு

கான்சஸ் மாதிரியான அமெரிக்கப் புல்வெளி மாநிலம் ஒன்றின் 1880-களின் வரைபடத்தை எடுத்து இன்றைய வரைபடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழையதில் சில மைலுக்கு ஒரு பெயர் இருக்கும். புதியதில் அதே இடம் கோதுமை வயலாகவோ மேய்ச்சல் நிலமாகவோ இருக்கும். அந்தப் பெயர்கள் சரியாக எங்கே இருந்தன, யாருடைய வீடு, எப்போது போயின, ஏன் போயின என்பதையெல்லாம் இன்றைக்கும் கண்டுபிடிக்க முடியும். பெரும்பாலான வேலையை வீட்டில் உட்கார்ந்தே, காசு செலவில்லாமல் செய்துவிடலாம். ஆனால் ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஊரைத் தேடாதீர்கள், தபாலாபீஸைத் தேடுங்கள்.

ஏனென்றால் அந்தக் காலத்தில் ஊர் என்று விளம்பரம் செய்யப்பட்டவற்றில் பல, மனை விற்க வந்தவர்கள் போட்ட வரைபடத்தோடு நின்றுபோனவை. அதே சமயம் ஊரே இல்லாத இடத்தில் தபாலாபீஸ் இருந்தது. புல்வேரோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளை அடுக்கிக் கட்டிய ஒரு விவசாயியின் வீடு, அதில் ஒரு மூலையில் கடிதங்களைப் பிரித்து வைக்க ஒரு மரப்பெட்டி, அவ்வளவுதான் தபாலாபீஸ். சுற்றிலும் இருந்த குடும்பங்கள் அந்தப் பெயரையே தங்கள் ஊர்ப் பெயராகச் சொன்னார்கள். எவ்வளவு சின்ன ஆபீஸாக இருந்தாலும் அதைத் திறக்க, மூட, ஆள் மாற்ற, இடம் மாற்ற வாஷிங்டனுக்கு எழுதியாக வேண்டும். மண்வீடு நாலு மழையில் கரைந்துவிட்டது, வாஷிங்டனுக்குப் போன காகிதம் பத்திரமாக இருக்கிறது.

உதாரணத்துக்கு வடமேற்கு கான்சஸின் கிரஹாம் கவுண்டியை எடுத்துக்கொள்கிறேன் (கவுண்டி என்பது மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற ஒரு நிர்வாகப் பகுதி). ஏறக்குறைய 30 மைலுக்கு 30 மைல் சதுரம், நடுவே சாலமன் ஆற்றின் தெற்குக் கிளை ஓடுகிறது. எல்லை வரையப்பட்டது 1867-இல், முறையாக நிர்வாகம் அமைந்தது 1880-இல். 1910 கணக்கெடுப்பில் 8,700 பேர் இருந்தார்கள், 2020-இல் 2,415 பேர். ஆள் இவ்வளவு குறைந்த இடத்தில் எத்தனை பெயர்கள் உதிர்ந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். நீங்கள் தேடுவது நெப்ராஸ்காவோ டகோட்டாக்களோ என்றாலும் வழிமுறை பெரும்பாலும் இதேதான்.

முதலில் ஒரு பட்டியல் வேண்டும். கான்சஸ் மாநில வரலாற்றுச் சங்கம் மாநிலத்தில் இயங்கிய தபாலாபீஸ்களைக் கவுண்டி வாரியாக, திறந்த தேதி மூடிய தேதியோடு இணையத்தில் வைத்திருக்கிறது. உங்கள் கவுண்டிக்கு உரிய எல்லாப் பெயர்களையும் ஒரு விரிதாளில் ஏற்றிக்கொள்ளுங்கள். பக்கத்துக் கவுண்டிகளில் எல்லையை ஒட்டி இருந்தவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஆபீஸ் எல்லையைத் தாண்டிப் போவதும் வருவதும் சகஜம். அமெரிக்கத் தபால் துறையின் போஸ்ட்மாஸ்டர் ஃபைண்டர் என்ற தேடுபக்கமும் உண்டு. அதில் எல்லா ஆபீஸ்களும் இன்னும் முழுமையாக ஏறவில்லை, ஏறியவை நம்பகமானவை.

பட்டியல் வந்ததும் அதை மூடிய தேதி வாரியாக அடுக்கிப் பாருங்கள். இதைச் செய்யாமல் நேராக ஒவ்வொரு ஊராகத் தோண்டப் போகிறவர்கள் நிறைய நேரத்தை வீணாக்குகிறார்கள். திறந்து ஒன்றிரண்டு வருஷத்திலேயே மூடிய ஆபீஸ் என்றால், பெரும்பாலும் போஸ்ட்மாஸ்டராக இருந்த குடியானவர் நிலத்தை விட்டுப் போயிருப்பார், வேறு யாரும் அந்த வேலையை எடுத்துக்கொள்ளவில்லை. 1880-களின் கடைசியில் பல ஆபீஸ்கள் கொத்தாக மூடியிருந்தால் ரயில்பாதை எங்கே வந்தது என்று பாருங்கள். 1900-த்துக்குப் பிறகு வரிசையாக மூடியிருந்தால் காரணம் கிட்டத்தட்ட நிச்சயமாக வீட்டுக்கே தபால் கொண்டுவரும் கிராமப்புற விநியோகத் திட்டம்தான். அது 1896-இல் மேற்கு வர்ஜீனியாவில் சோதனையாகத் தொடங்கி 1902-இல் நிரந்தரமானது. அமெரிக்காவில் தபாலாபீஸ்களின் எண்ணிக்கை உச்சம் தொட்டது 1901-இல், 76,945. அதன் பிறகு இறங்குமுகம். வண்டியில் ஒருவர் கடிதத்தை வாசலுக்கே கொண்டுவந்து போட ஆரம்பித்த பிறகு பக்கத்துப் பண்ணைவீட்டு மரப்பெட்டிக்கு வேலை இல்லை.

சரி, அடுத்தது போஸ்ட்மாஸ்டர் நியமனப் பதிவேடுகள். 1832 முதல் 1971 வரையிலானவை தேசிய ஆவணக் காப்பகத்தில் மைக்ரோஃபிலிம் எம்841 என்ற எண்ணில் இருக்கின்றன, கணினியிலேயே பார்க்கலாம். மாநிலம், கவுண்டி, அதற்குள் ஆபீஸ் பெயர் என்ற வரிசை. ஒவ்வொரு பெயருக்கும் நேரே யார் யார் எந்தத் தேதியில் நியமிக்கப்பட்டார்கள் என்று கையெழுத்தில் இருக்கும். மூடப்பட்டிருந்தால் அந்தத் தேதியும், இனிமேல் அங்கே வரும் கடிதங்கள் எந்த ஆபீஸுக்குப் போக வேண்டும் என்பதும் இருக்கும். இந்தக் கடைசிக் குறிப்பை விட்டுவிடாதீர்கள். கடிதம் திருப்பிவிடப்பட்ட ஆபீஸ் என்பது பெரும்பாலும் அந்த மக்களுக்கு வந்துபோக வசதியாக இருந்த ஊர். இப்படி எது எதில் கரைந்தது என்று கோடு போட்டுக்கொண்டே வந்தால் கவுண்டியின் கதையே தாளில் விரியும். மூடும் உத்தரவை ரத்து செய்ததாகவும் சில இடங்களில் எழுதியிருப்பார்கள். அப்படியானால் அந்த ஆபீஸ் மூடவே இல்லை, மூடிய தேதி என்று அதைப் பட்டியலில் ஏற்றக் கூடாது.

போஸ்ட்மாஸ்டர் பெயர் மாறும் தேதிகளையும் கவனியுங்கள். இந்தச் சின்ன ஆபீஸ்கள் எல்லாம் நான்காம் வகுப்பை, அதாவது துறையின் கடைசித் தரத்தைச் சேர்ந்தவை, வேலை கட்சி சார்ந்து கைமாறும். வெள்ளை மாளிகையில் கட்சி மாறிய 1885, 1889, 1893, 1897 ஆகிய வருஷங்களை ஒட்டி ஏகப்பட்ட மாற்றங்களைப் பார்ப்பீர்கள். தனிக் கட்டடம் கிடையாது என்பதால் ஆள் மாறினால் ஆபீஸும் புது ஆளின் வீட்டுக்கோ கடைக்கோ போய்விடும். பெயர் அதே, இடம் மட்டும் இரண்டு மூன்று மைல் தள்ளி. அதனால் ஒரு பெயருக்கு ஒரு புள்ளி என்று வரைபடத்தில் குத்திவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். ஒரு பெயருக்கு மூன்று புள்ளிகள் வரலாம், மூன்றும் சரியாக இருக்கலாம்.

அந்தப் புள்ளிகளை எப்படிக் கண்டுபிடிப்பது? இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த ஆவணம் இங்கேதான் வருகிறது: தபாலாபீஸ் இட அறிக்கைகள், 1837 முதல் 1950 வரை, மைக்ரோஃபிலிம் எண் எம்1126. இவையும் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணைய அட்டவணையில் படங்களாக இருக்கின்றன. ஆபீஸ் திறக்க விண்ணப்பித்தாலோ இடம் மாற்றினாலோ துறை ஒரு படிவம் அனுப்பும். எந்தக் கால்பகுதி, எந்தச் செக்‌ஷன், எந்த டவுன்ஷிப், எந்த ரேஞ்ச், பக்கத்தில் உள்ள ஆறு எது, எவ்வளவு தூரம், எந்தப் பக்கம், ஓடை எது, பக்கத்துத் தபாலாபீஸ்கள் எந்தத் திசையில் எத்தனை மைல், ரயில் நிலையம் உண்டா, எத்தனை பேருக்கு இந்த ஆபீஸ் பயன்படும். இத்தனையையும் போஸ்ட்மாஸ்டராக வரப் போகிறவரே கையால் நிரப்பி, பெரும்பாலும் பின்பக்கத்தில் ஒரு வரைபடமும் போட்டு அனுப்புவார். அதில் ஆறு வளைந்து போகும், பாதை கோடாகப் போகும், நடுவில் ஒரு புள்ளி. அந்த நிலத்தில் உழுதுகொண்டிருந்த மனுஷரே வரைந்த வரைபடம் அது. இதை முதல் தடவை பார்க்கும்போது அவசரமாக எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடாமல், முழுவதையும் நிதானமாகப் படியுங்கள். பக்கத்து ஆபீஸ்களின் பெயர்களிலிருந்து உங்கள் பட்டியலில் விட்டுப்போன ஒன்று கிடைத்தாலும் கிடைக்கும்.

செக்‌ஷன், டவுன்ஷிப், ரேஞ்ச் என்றால் என்ன என்று தெரியாமல் இந்தப் படிவத்தைப் படிக்க முடியாது. ஒரு டவுன்ஷிப் என்பது 6 மைலுக்கு 6 மைல் சதுரம். அதற்குள் 36 செக்‌ஷன்கள், ஒவ்வொன்றும் ஒரு சதுர மைல், 640 ஏக்கர். எண் 1 வடகிழக்கு மூலையில் தொடங்கி மேற்கே 6 வரை போகும், அடுத்த வரிசை மேற்கிலிருந்து கிழக்கே 7 முதல் 12 வரை திரும்பும், இப்படியே ஏர் உழுவது போல மாறி மாறிப் போய் 36 தென்கிழக்கு மூலையில் முடியும். ஒரு செக்‌ஷனின் கால்பகுதி 160 ஏக்கர். 1862 குடியேற்றச் சட்டப்படி ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த நிலம் அதுதான். கான்சஸில் டவுன்ஷிப் எண்கள் நெப்ராஸ்கா எல்லையான 40-ஆவது அட்சக்கோட்டிலிருந்து தெற்கு நோக்கி எண்ணப்படுகின்றன, ரேஞ்ச் எண்கள், நில அளவைக்கு அடிப்படையாக வைத்த ஆறாவது தலைமை நெடுங்கோட்டிலிருந்து கிழக்கும் மேற்கும். கிரஹாம் கவுண்டியில் டவுன்ஷிப் 6 முதல் 10 தெற்கு வரை, ரேஞ்ச் 21 முதல் 25 மேற்கு வரை, ஆக ஐந்துக்கு ஐந்து. தலைநகரான ஹில் சிட்டி டவுன்ஷிப் 8 தெற்கு, ரேஞ்ச் 23 மேற்கில் இருக்கிறது. படிவத்தில் ரேஞ்ச் எண்ணை மாற்றி எழுதியவர்களும் உண்டு, அதனால் எண்ணையும் ஆற்றின் தூரத்தையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்புறம் பட்டாவைப் பாருங்கள். பொது நிலங்களைக் கவனிக்கும் அரசுத் துறையான பீரோ ஆஃப் லேண்ட் மேனேஜ்மென்ட், தன் பொது நில அலுவலகப் பதிவுகள் தளத்தில் அரசு கொடுத்த முதல் பட்டாக்களின் படங்களை இலவசமாக வைத்திருக்கிறது. பெயராலும் தேடலாம், செக்‌ஷனாலும் தேடலாம். இட அறிக்கையில் வரும் கால்பகுதியும் போஸ்ட்மாஸ்டர் பெயரில் உள்ள பட்டாவும் ஒத்துப்போனால், ஆபீஸ் அவர் வீட்டில்தான் இருந்தது என்று தைரியமாக எழுதலாம். பட்டா தேதி, குடியேறிய தேதியிலிருந்து பல வருஷம் தள்ளித்தான் இருக்கும், ஐந்து வருஷம் குடியிருந்து நிரூபித்த பிறகே பட்டா என்பதால். தேதி ஒத்துவரவில்லை என்று அந்த ஆளை ஒதுக்கிவிட வேண்டாம்.

அந்த நிரூபணமே இன்னொரு புதையல். பட்டா கேட்கிறவர், தன் நிலத்துக்குப் பக்கத்துச் செய்தித்தாளில் அறிவிப்பு வெளியிட வேண்டும். அதில் நிலத்தின் விவரமும் சாட்சிகளாக நான்கு அண்டைவீட்டார் பெயரும், அவர்களுடைய தபாலாபீஸ் பெயரும் இருக்கும். பத்திரிகையின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் கிடக்கும் இந்த அறிவிப்புகளைப் பலர் புரட்டித் தள்ளிவிடுகிறார்கள். நான் சொல்வேன், முதலில் படிக்க வேண்டியதே இவற்றைத்தான். ஒரு தபாலாபீஸின் பெயர் வரும் அறிவிப்புகளையெல்லாம் சேர்த்து, அந்த நிலங்களைச் சதுரத்தில் நிழலிட்டுப் பாருங்கள், அந்தப் பெயரில் யார் யார் வாழ்ந்தார்கள், எவ்வளவு தூரத்திலிருந்து கடிதம் வாங்க நடந்து வந்தார்கள் என்பது தெரிந்துவிடும். கான்சஸ் வரலாற்றுச் சங்கத்தைத் தொடங்கியதே 1875-இல் பத்திரிகை ஆசிரியர்கள்தான், அதனால் மாநிலத்துப் பழைய பத்திரிகைகள் அசாதாரண அளவில் அங்கே சேர்ந்திருக்கின்றன. காங்கிரஸ் நூலகத்தின் கிரானிக்ளிங் அமெரிக்கா தளத்திலும் பல கிடைக்கும்.

பத்திரிகைகளின் பலம் என்ன என்று பார்க்க நிக்கோடிமஸ் ஒன்று போதும். அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் கென்டக்கியிலிருந்து வந்து 1877-இல் கிரஹாம் கவுண்டியில் அமைத்த ஊர் அது. முதல் குடும்பங்கள் நிலத்தைக் குடைந்து குழிவீடுகளில் இருந்தார்கள், அந்த வருஷமே தபாலாபீஸ் வந்துவிட்டது, முதல் போஸ்ட்மாஸ்டர் சகரி ஃப்ளெட்சர். பத்தே வருஷத்தில் அங்கே வெஸ்டர்ன் சைக்ளோன், நிக்கோடிமஸ் எண்டர்பிரைஸ் என்று இரண்டு பத்திரிகைகள். 1887-இல் மிசூரி பசிபிக் ரயில் கம்பெனியை வரவழைக்க 16,000 டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட ஊர் வாக்களித்தது. அந்த ரயில் வரவில்லை. 1888-இல் யூனியன் பசிபிக் வந்தது, ஆனால் ஆற்றுக்குத் தெற்கே, ஊரை விட்டு விலகி. பாதையோரத்தில் போக் என்ற ஊர் எழுந்தது, நிக்கோடிமஸின் கடைகளில் பல அங்கே போயின. தேதிப் பட்டியல் மட்டும் பார்த்தால் இதில் ஒன்றுமே தெரியாது, ஏனென்றால் நிக்கோடிமஸ் தபாலாபீஸ் 1953 வரை திறந்திருந்தது. அதே காரணத்தால் ஒரு எச்சரிக்கையும்: ஆபீஸ் மூடியது என்பதற்காக ஊர் செத்தது என்று எழுதிவிடாதீர்கள். நிக்கோடிமஸில் இன்றும் குடும்பங்கள் இருக்கின்றன, 1996-இல் அது தேசிய வரலாற்றுத் தலமானது, முதல் குடியேறிகளின் சந்ததியினர் ஒவ்வொரு கோடையிலும் ஊர் திரும்பிக் கொண்டாடுகிறார்கள். அவர்களிடம் போய் உங்கள் ஊர் காணாமல் போன ஊர் என்று சொல்வது தவறு மட்டுமல்ல, மரியாதைக் குறைவும்கூட.

உண்மையிலேயே காணாமல் போனது என்றால் அதே கவுண்டியின் மில்புரூக். 1880-இல் கவுண்டித் தலைநகர். நிக்கோடிமஸுக்கு 1878-இல் வந்து பிறகு கான்சஸ் மாநிலத் தணிக்கையாளராகத் தேர்தலில் வென்ற எட்வர்ட் மெக்கேப் நிலத் தரகு நடத்தியது இங்கேதான். 1887-இல் சுழற்காற்று ஊரை அடித்துப் போட்டது, மறு வருஷம் தலைநகர் பட்டம் ஹில் சிட்டிக்குப் போனது, மிஞ்சியவர்களும் கிளம்பினார்கள். தலைநகர் சண்டை நடந்த கவுண்டிகளில் பத்திரிகைகள் கட்சி கட்டிக்கொண்டு எழுதின, எதிர் ஊரைப் பற்றி ஒரு பத்திரிகை சொல்வதை மட்டும் நம்பாமல் இரு தரப்பையும் படித்துவிடுங்கள்.

எவ்வளவு பெரிய ஆபீஸ் என்று தெரிய வேண்டுமா? அரசாங்கம் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வெளியிட்ட ஊழியர் பதிவேட்டில் 1911 வரை ஒவ்வொரு போஸ்ட்மாஸ்டரின் வருமானமும் அச்சாகியிருக்கிறது. முத்திரையிட்ட தபால்தலைகளின் மதிப்பைப் பொறுத்தே நான்காம் வகுப்பு ஆபீஸின் வருமானம், அதனால் அந்தத் தொகை ஊரின் நாடித் துடிப்பைக் காட்டும். பழைய தபால்கார்டுகளும் உதவும். 1903 முதல் சிறு ஆபீஸ்களுக்குக் கொடுத்த ஒரு வகை முத்திரையில், தபால்தலையை அடிக்கும் கோடுகளுக்கு நடுவே ஒரு எண் இருக்கும். சேகரிப்பவர்கள் இதை டோன் முத்திரை என்பார்கள். எண் 1 என்றால் முந்தைய வருஷ வருமானம் 100 டாலருக்குள், 2 என்றால் 200-க்குள், இப்படி.

வரைபடங்களைக் கடைசியில் சொல்வதற்குக் காரணம் உண்டு. எவர்ட்ஸ் கம்பெனியின் 1887 கான்சஸ் அட்லஸ் அழகானது, டேவிட் ரம்சி வரைபடத் தொகுப்பின் தளத்தில் பழைய அட்லஸ்கள் ஏராளமாக இருக்கின்றன, அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் டோபோவியூ என்ற பழைய வரைபடத் தளமும் உண்டு. ஆனால் அச்சகங்கள் பழைய தட்டுகளைத் திருத்தாமல் மறுபடி மறுபடி அச்சடித்தன, மூடிப் பல வருஷமான ஆபீஸ் வரைபடத்தில் உயிரோடு இருக்கும். புள்ளியும் சில மைல் தள்ளி இருக்கலாம். வரைபடம் ஒரு துப்பு, அவ்வளவே. இட அறிக்கைக்கும் வரைபடத்துக்கும் முரண் வந்தால் நான் எப்போதும் இட அறிக்கை பக்கம்தான்.

பெயர் கிடைக்காமல் திண்டாடினால் எழுத்துக்கூட்டலை மாற்றிப் பாருங்கள். 1894-இல் துறை, புது ஆபீஸ்களுக்குச் சுருக்கமான, ஒற்றைச் சொல் பெயர்களே வேண்டும் என்று உத்தரவு போட்டது. பல பெயர்களின் வால் வெட்டப்பட்டது, இரண்டு சொல் ஒன்றானது. ஒரே மாநிலத்தில் இரண்டு ஆபீஸுக்கு ஒரே பெயர் கூடாது என்பதால், மக்கள் ஒரு பெயரில் அழைக்க ஆபீஸ் வேறு பெயரில் நடந்ததும் உண்டு. பள்ளி மாவட்டம், தேவாலயம், கல்லறைத் தோட்டம் மூன்றின் பெயர்களையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டால் சிக்கல் அவிழும்.

நேரில் போவதென்றால் குளிர்காலக் கடைசியிலோ வசந்தத்தின் தொடக்கத்திலோ போங்கள், புல் உயராத நேரம். கிட்டத்தட்ட எல்லாமே தனியார் நிலம். சாலையில் நின்று பார்ப்பதைத் தாண்டி ஒரு அடி வைப்பதென்றாலும் நில உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள், அவரிடமே கதையும் கேளுங்கள். வயலுக்கு நடுவே காரணமில்லாமல் ஒரு மரவரிசை, வீடே இல்லாத இடத்தில் பூக்கும் லைலாக் புதர், சதுரமான பள்ளம், ரயில்மேடு: இவைதான் அடையாளங்கள். மூடப்படாத பழைய கிணறுகள் உண்மையான ஆபத்து, உயரமான புல்லுக்குள் வேகமாக நடக்காதீர்கள். மழை பெய்த மறுநாள் மண்சாலையில் காரை இறக்க வேண்டாம். எதையும் எடுத்துக்கொண்டு வராதீர்கள். சில ஊர்கள் வேறு விதமாகப் போனவை. மார்ஷல் கவுண்டியின் இர்விங், 1879 மே 30 அன்று இரண்டு சுழற்காற்றுகளைத் தாங்கி நின்ற ஊர், டட்டில் கிரீக் அணைக்காக 1960-இல் காலி செய்யப்பட்டது. அங்கே வருகிறவர்கள் எழுதிவிட்டுப் போக ஒரு தபால் பெட்டியில் நோட்டு வைத்திருக்கிறார்கள், போனால் எழுதுங்கள்.

கிடைத்ததை எழுதி வைக்கும்போது ஒரு ஆபீஸுக்கு ஒரு வரி போதாது, ஒரு இடத்துக்கு ஒரு வரி என்று வையுங்கள்: பெயர், போஸ்ட்மாஸ்டர், கால்பகுதி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த ஆவணம் சொல்கிறது. படிவத்தின் படத்தையும் சேமித்துக்கொள்ளுங்கள். ஊகமாக வைத்த புள்ளிக்கு வேறு நிறம் கொடுங்கள். முடிந்ததும் ஒரு பிரதியைக் கவுண்டி நூலகத்துக்கும் உள்ளூர் வரலாற்றுச் சங்கத்துக்கும் அனுப்பிவிடுங்கள். தாத்தாவின் பழைய கடிதத்தில் இருக்கும் ஊர் எங்கே என்று கேட்டு வருகிறவர்கள் முதலில் போய் நிற்பது அங்கேதான்.